மாமன் ஊடு

விடுவிக்கிறோம் என்று அதிகாரிகள் வந்து இறங்குகிற அன்றைக்குத்தானா மழையும் வர வேண்டும்?

ராணிக்கு அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். தண்ணீர் எடுக்கிற சாக்கில் ஏரிக்கரைக்குப் போய், இடுப்பில் செருகிய பட்டன் போனை எடுத்து, ஆவடியில் ஒரு தொண்டு அமைப்பில் வேலை பார்க்கும் ஷாரன் மேடத்திடம் குசுகுசுவென்று பேசுவாள். "வரோம் ராணி, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று அந்தப் பெண்ணும் சொல்லிச் சொல்லி, ஒருவழியாக ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை மத்தியானம், குத்தம்பாக்கத்துக்கு மேற்கே ஏரியை ஒட்டிய செங்கல் சூளையில் இரண்டு ஜீப்புகள் வந்து நின்றன. கோட்டாட்சியர் அம்மா இறங்கினார். கூட ஷாரன். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தமிழரசு என்றொரு கிளார்க். பேருக்கு இரண்டு போலீஸ்காரர்கள்.

அடுப்பில் நத்தைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ராணி விறகைப் பின்னுக்கு இழுத்துவிட்டு ஓடி வந்து நின்றாள். கோட்டாட்சியர் அம்மா வேப்ப மரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் எதிரே தரையில் உட்காரச் சொன்னார். இங்கே யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிறார்களா, நினைத்தபோது வெளியே போக முடிகிறதா என்று அவர் கேட்டு முடிக்கவில்லை. திருமழிசைப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்த வானம் நாலு சொட்டுப் போட்டது.

அவ்வளவுதான். ராணியின் புருஷன் தேவராஜ் எழுந்து ஓடினான். அவள் தம்பிகள் இரண்டு பேரும் ஓடினார்கள். தம்பி பெண்டாட்டிகளும் ஓடினார்கள். முட்டி வலியால் நாலு நாளாக எழுந்திருக்காத அம்மா கன்னியம்மாவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். களத்தில் எட்டாயிரம் பச்சைக் கல் வரிசை கட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. வேகாத கல்மேல் மழை விழுந்தால் சேறு. கரைந்த கல்லுக்குக் கூலி கிடையாது. மறுபடி மண் மிதித்து, மறுபடி அச்சில் அறைந்து, மறுபடி அறுத்துத் தர வேண்டும். நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்த ஓட்டம் ஓடிய கால்கள். ஒருத்தர் தார்ப்பாயை இழுக்க, ஒருத்தர் கோடியைப் பிடிக்க, ஒருத்தர் மேலே கல் வைக்க, ஐந்தே நிமிஷத்தில் களம் முழுக்க மூடியாகிவிட்டது.

எரிச்சலிலும் எரிச்சல், ராணியும் ஓடியிருந்தாள். தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அவளுக்கே உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். வேப்ப மரத்தடியில் அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். ஷாரன் நெற்றியில் கை வைத்துக்கொண்டிருந்தாள். தமிழரசு மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தான். மழையோ, போட்ட நாலு சொட்டோடு திருவள்ளூர்ப் பக்கம் போயே போய்விட்டது.

என்ன எழுதினீர்கள் என்று கோட்டாட்சியர் அம்மா கேட்க, தமிழரசு படித்துக் காட்டினான். யாரும் ஏவாமலே தொழிலாளர்கள் தாமாக ஓடிச் சென்று உரிமையாளரின் பொருளைப் பாதுகாத்தார்கள். கண்ணால் பார்த்ததைத்தானே எழுத வேண்டும் என்றான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது.

ராணி திரும்ப வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இனிமே எவனாவது எழுந்து ஓடுனீங்க, காலை ஒடிச்சிடுவேன்" என்று ராணி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "வுட்டுடுன்னு சொல்ல வந்துகீறாங்க. நீங்க கல்ல மூடிகினு கீறீங்க."

"மழ வந்துச்சேமே" என்றான் தேவராஜ். அதற்கு மேல் அவனிடம் என்ன பேசுவது?

அதற்குள் போன் போய்விட்டது போலிருக்கிறது. புல்லட்டை உறுமவிட்டுக்கொண்டு முதலாளி ஜானகிராமன் வந்து இறங்கினான். நாற்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, ரெண்டு புருவமும் நடுவில் கூடிய முகம். ராணிக்கும் அதே கூடு புருவம்தான். மேல் உதடு லேசாகத் தூக்கினாற்போல் இருக்கும், அதுவும் அதேதான். சூளையில் எல்லாருக்கும் தெரியும். நசரத்பேட்டையில் பாதிப் பேருக்குத் தெரியும். சொன்னவர்தான் யாருமில்லை.

ஜானகிராமனின் அப்பா செங்கல்வராயன் நசரத்பேட்டையில் பழைய குடித்தனக்காரர். நெல் விளைந்த நிலத்தைத் தோண்டிச் செங்கல்லாக விற்றவர். கன்னியம்மா பதினாறு வயதில் அப்பா அம்மாவோடு முன்பணத்துக்கு வந்து சேர்ந்த இருளர் வீட்டுப் பெண். ராணி பிறந்து ஆறு மாதத்துக்கு அப்புறம்தான் கன்னியம்மாவுக்கும் சூளையில் மண் வெட்டிக்கொண்டிருந்த முனுசாமிக்கும் கல்யாணம் ஆயிற்று. தம்பிகள் இரண்டு பேரும் முனுசாமிக்குப் பிறந்தவர்கள். முனுசாமி மூன்று பிள்ளைகளையும் ஒரே மாதிரிதான் தோளில் தூக்கினான். ஒருநாளும் பேதம் காட்டியதில்லை. பெரிய முதலாளி எட்டு வருஷத்துக்கு முன்னால் செத்தபோது கன்னியம்மா ஏரிக்கரை மேல் நின்று, ஊர்வலம் கண்ணுக்கு மறைகிறவரை பார்த்தாள். கிட்டே போகவில்லை. போகவும் விட மாட்டார்கள்.

ஜானகிராமன் முதலில் கத்தினான். பிறகு கும்பிட்டான். இதுங்க பசியில் கிடந்தபோது சோறு போட்டவன் நான் என்றான். கோட்டாட்சியர் அம்மா பேனாவால் நாற்காலிக் கையைத் தட்டி, உங்கள் முறை வரும், தள்ளி நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு ராணியைக் கூப்பிட்டார்.

ராணிக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் பெண் தேவிப்பிரியா.

மாசி மகத்துக்கு இருளர் சனம் முழுக்க மகாபலிபுரம் கடற்கரையில் போய்க் கூடும். கன்னியம்மனைக் கும்பிட்டு, கடலோரத்திலேயே கல்யாணமும் முடித்து வருவார்கள். சின்னத் தம்பிக்கு இந்த மாசியில்தான் அங்கே தாலி கட்டினார்கள். ஆனால் சூளையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வெளியே போனால் வீட்டில் ஒருத்தர் இருக்க வேண்டும். எல்லாருமே போவதென்றால் யாரை விடுவது? பெண்ணை என் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், மூன்று நாளில் வந்து அழைத்துக்கொள்ளுங்கள் என்றான் ஜானகிராமன். ராணி மாட்டேன் என்றுதான் சொன்னாள். கன்னியம்மாதான் கேட்கவில்லை. "அது யாரு ஊடு? அவ தாத்தன் ஊடுடி. ரத்தம் ரத்தத்த இன்னா பண்ணிடும்" என்றாள். அந்தப் பேச்சில் மயங்கி ராணி விட்டுவிட்டுப் போனாள்.

மூன்று நாள், நாலு மாதம் ஆகிவிட்டது. பெரிய முதலாளியின் பெண்டாட்டி வாதத்தில் படுத்த படுக்கை. அந்தக் கிழவிக்கு அலசிவிட, துடைத்துவிட ஆள் வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டிய பெண், நசரத்பேட்டையில் பீ மூத்திரம் அள்ளிக்கொண்டிருக்கிறாள். போய்க் கேட்டால், வாங்கின முன்பணம் கழியட்டும் என்கிறார்கள். எத்தனை வருஷமாகக் கழிகிறது அது.

இதையெல்லாம் ராணி ஒரே மூச்சில் சொன்னாள். கோட்டாட்சியர் அம்மா கன்னியம்மாவைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள், எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். கன்னியம்மா முதலாளியை ஒரு தரம் பார்த்தாள். நல்லாத்தான் பார்த்துக்கொள்கிறார் என்றாள். தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தருவார் என்றாள். ராணிக்கு வந்த கோபத்தில் அந்தப் புடவையாலேயே அம்மாவின் வாயைக் கட்டலாம் போலிருந்தது.

இதற்கிடையில் ஜானகிராமன் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் நின்று பத்து நிமிஷம் போனில் பேசினான். யாரோ வக்கீல். "சொந்தம்னு சொன்னா கூலி இல்லன்னு ஆயிடுமா?" என்று அவன் கேட்டது மட்டும் ராணியின் காதில் விழுந்தது. திரும்பி வரும்போது முகம் வேறு மாதிரி இருந்தது. பழி போடுகிற முகம் போய், பாசம் பொங்குகிற முகம்.

"மேடம், ஒரு விசயத்த மறச்சி வெச்சிருந்தேன். எங்கப்பா மானம் போயிடக் கூடாதுன்னு" என்று ஆரம்பித்தான். "ராணி கூலி ஆளு இல்ல. என் தங்கச்சி. எங்கப்பாவுக்குப் பொறந்தவ. வேணும்னா மூஞ்சிய பாருங்க. இவனுங்க ரெண்டு பேரும் அவ தம்பிங்க. எல்லாம் ஒரே குடும்பம். குடும்பத் தொழிலு மேடம் இது. பொண்ணு என் ஊட்ல கீதுன்னா, அது மாமன் ஊடு. மாமன் ஊட்ல பொண்ணு இருக்கறது தப்பா?"

தமிழரசு பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தான். தேவராஜ் வாயைப் பிளந்துகொண்டு, "மச்சானா?" என்றான் தனக்குள்.

கன்னியம்மா இருந்த இடத்திலேயே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வலியில் அழுகிற அழுகையாக அது தெரியவில்லை. ராணிக்கு அதுதான் தாங்கவில்லை.

ராணி பிறந்து முப்பத்தி நாலு வருஷம். பெரிய முதலாளி வீட்டுக் கல்யாணங்களுக்குப் பின்வாசலில் நின்று இலையில் சோறு வாங்கியிருக்கிறாள். ஜானகிராமனுக்குப் பெண் பிறந்து கிருஷ்ணப்பிரியா என்று பேர் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டு, அந்தப் பேரின் வாலைப் பிடித்துத் தன் பெண்ணுக்குத் தேவிப்பிரியா என்று வைத்தாள். அதற்கே முதலாளி பெண்டாட்டி சுசீலா ஒரு வாரம் குதித்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு தரம், ஒரே ஒரு தரம் இவன் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் ராணியே ஏரிக்கரையில் உட்கார்ந்து அழுதிருப்பாள். இப்போது சொல்கிறான். அதுவும் எதற்கு?

ஷாரன் எழுந்து, சொந்தக்காரராக இருந்தால் மட்டும் ஒருத்தரைப் பிடித்து வைக்கலாமா மேடம் என்று கேட்டாள். கோட்டாட்சியர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வைக்க முடியாதுதான், ஆனால் நாளைக்கு இவர்கள் அப்பீல் போவார்கள், குடும்பச் சண்டை என்பார்கள், கல்லை மூட ஓடியதைக் காட்டுவார்கள், இந்த அம்மாவே நல்லபடியாக வைத்திருப்பதாகச் சொல்கிறார், எழுதுவதற்கு எனக்குக் கெட்டியாக ஏதாவது வேண்டும் என்றார். பிறகு எழுந்தார். "மாமன் வீடுன்னு சொல்றார் இல்ல, போய்ப் பொண்ணையே கேட்டுடுவோம்" என்றார்.

ஜானகிராமன் முகத்தில் பாசம் கொஞ்சம் வடிந்தது.

ராணியையும் கன்னியம்மாவையும் மட்டும் ஏற்றிக்கொள்வதாக இருந்தது. ராணி விடவில்லை. எல்லாரும் வரட்டும் என்றாள். தேவராஜ் மட்டும் நகராமல் நின்றான்.

"நா இங்கயே கீறேன்மே" என்றான். "ஒரு ஆளு இருக்கணும்ல."

"எதுக்கு இருக்கணும்? யாரு சொன்னா? ஏறு வண்டில."

"இல்ல, வழக்கமா..."

"வழக்கமாம் வழக்கம்" என்று ராணி அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஜீப்புக்குள் தள்ளினாள். கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டார்.

பெங்களூர் ரோடு ஏறியதும் வழக்கம்போல வண்டி நகரவில்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இன்ச் இன்ச்சாக ஊர்ந்தது. ஜானகிராமன் புல்லட்டில் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தான். ஒரு கையால் போனைக் காதில் வைப்பதும், எடுத்துப் பார்ப்பதும், மறுபடி வைப்பதுமாக இருந்தான். அந்தப் பக்கம் எடுக்கவில்லை என்று தெரிந்தது.

கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ராணியின் தொடையைத் தட்டினாள். "கேட்டியாடி. அவன் வாயாலயே சொல்ட்டான்."

"சொன்னான். எதுக்கு சொன்னான்?"

"எதுக்கு சொன்னா இன்னா? கெவுருமெண்டு முன்னால சொன்னான்ல. எழுதிகினாங்கல்ல."

"எம்மா, அவன் நம்மள உறவாக்கிகினு இல்ல. கேச ஒடைக்கிறான். நீயும் கூட சேந்து சுத்தியல எடுத்துக் குடுக்கற. புடவ எடுத்துக் குடுக்கறாராம் புடவ."

"உனக்கு வேணாமாடி அந்தப் பேரு?"

முன் சீட்டில் ஷாரன் திரும்பிப் பார்க்காமல் காதை மட்டும் இங்கே வைத்திருந்தாள்.

"சின்னதுல வேணும்னு இருந்துச்சி" என்றாள் ராணி. "இப்ப எனக்கு எம் பொண்ணு வேணும். அத்த தவுர ஒரு மண்ணும் வேணாம்." பிறகு, இத்தனை வருஷமாகக் கேட்காததை, கேட்க வேண்டாம் என்று வைத்திருந்ததை, அந்த வெறுப்பில் கேட்டுவிட்டாள். "நீ புடிச்சித்தாம்மா போனியா அந்தாள்கிட்ட?"

கன்னியம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒரு லாரி டயர் அவள் முகத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தது.

"வேணாம்னு சொல்ற எடமாடி அது" என்றாள்.

"அப்பறம் எதுக்கும்மா அந்த வார்த்தைக்கு இப்பிடி அலையற?"

"பட்டதுக்கு ஒரு பேராவது மிஞ்சட்டுமேன்னுதான்."

லாரி நகர்ந்தது. ஜீப்பும் நகர்ந்தது.

நசரத்பேட்டையில் பெரிய தெருவுக்குள் திரும்பி, பளபளவென்று டைல்ஸ் ஒட்டிய மாடி வீட்டின் முன்னால் வண்டிகள் நின்றன. ஜானகிராமன் புல்லட்டை ஸ்டாண்டு போடக்கூட இல்லை, சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்து கேட்டைத் திறந்தான். "வா ராணி, உள்ள வா" என்றான். அவன் குரல் அவனுக்கே பழக்கமில்லாத குரலாக இருந்தது.

ராணி அந்த கேட்டுக்குள் ஒருநாளும் நுழைந்ததில்லை. சந்து வழியாகப் போய்ப் பின்னால் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பாள். யாராவது பார்த்தால் குரல் கொடுப்பார்கள். இப்போது சேறு காய்ந்த காலோடு, கழுவித் துடைத்து இழைக்கோலம் போட்டிருந்த டைல்ஸில் ஒரு அடி வைத்தாள். பின்னால் கோட்டாட்சியர் அம்மா ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்துகொண்டு சுசீலா வந்தாள். கையில் போன். இவ்வளவு நேரமும் அதில்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் கண்ணுக்குப் புருஷனும் தெரியவில்லை, ஜீப்பும் தெரியவில்லை. டைல்ஸ் மேல் இருந்த கால்தான் தெரிந்தது.

"ஏய், இன்னாடி இந்தப் பக்கம் வர? பின்னால போ."

இருபத்திரண்டு வருஷப் பழக்கம். யோசித்து வருகிற வார்த்தையா அது?

ஜானகிராமன் இரண்டு கையையும் நீட்டி அவளை மறித்தான். "சுசீலா, இன்னா பேசற நீ. தங்கச்சி வந்துகீது, உள்ள கூப்புடு" என்று கண்ணைக் காட்டினான். புருவத்தை உயர்த்தினான். தலையால் ஜீப்பைக் காட்டினான்.

சுசீலா ஜாடையைப் பார்க்கவில்லை. அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்ததோடு அவளுக்கு வேறெதுவும் கேட்கவில்லை. அந்த வார்த்தை இந்த வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்றுதானே வந்த நாளிலிருந்து கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தாள்.

"யாருக்கு யாரு தங்கச்சி?" என்றாள். "காஞ்சிபுரத்துலருந்து நம்ம பொண்ணுக்கு எடம் பேசிகினு கீறாங்க, இப்பதான் போன வெச்சேன். நடுத்தெருவுல நின்னுகினு இன்னா பேச்சு பேசற நீ? உங்கப்பன் பண்ணுனதுக்கு எம் பொண்ணு தல குனியணுமா?"

"சுசீலா..."

"அவ சூளையில கூலிக்குக் கெடக்கறவ. வாங்குன பணம் கழியறதுக்குத்தான் பொண்ண இங்க வுட்டு வெச்சிகீறோம். கழியறவரைக்கும் எங்கயும் அனுப்ப முடியாது. உறவு கொண்டாடிகினு வந்து கூட்டிகினு போயிடலாம்னு பாக்கறாளா?"

தமிழரசுக்கு அன்றைக்கு வேலை நிறைய. ஜீப் பானெட்டின் மேல் பேப்பரை வைத்து மடமடவென்று எழுதினான். கோட்டாட்சியர் அம்மா முன்னால் வந்து, தான் யார் என்று சொல்லிவிட்டு, கடைசியாகச் சொன்னதை இன்னொரு தரம் நிதானமாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அப்போதுதான் சுசீலா ஜீப்பைப் பார்த்தாள். போலீஸைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவன் திண்டாடிப்போய் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னிடம் முன்னாலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று அவள் கேட்க, நீ போனை எடுத்துத் தொலைப்பதற்கென்ன என்று அவன் கேட்க, புருஷனும் பெண்டாட்டியும் அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

ராணி காத்திருக்கவில்லை. சந்து வழியாக ஓடினாள்.

தேவிப்பிரியா பின்கட்டில் பெட்ஷீட் அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் எழுந்தாள். எழுந்தவள் மறுபடி குனிந்து, இதை மட்டும் பிழிந்து போட்டுவிட்டு வரேன் என்றாள். ராணிக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. பெட்ஷீட்டைப் பிடுங்கித் தொட்டியில் வீசிவிட்டு, பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். இழுத்து வந்தது முன்வாசலுக்கு.

மாடி ஜன்னலில் கிருஷ்ணப்பிரியா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரிக்குப் போகிற பெண். கோட்டாட்சியர் அம்மா அவளை அண்ணாந்து பார்த்தார். பிறகு கீழே நிற்கிற தேவிப்பிரியாவைப் பார்த்தார். மேலே ஒரு கூடு புருவம், கீழே ஒரு கூடு புருவம். இங்கே இருக்க விருப்பமா என்று தேவிப்பிரியாவிடம் கேட்டார். இல்லை என்று அது தலையை ஆட்டியது. வாயால் சொல்லச் சொன்னார். "இல்ல" என்றது.

ஜானகிராமன் ராணியின் பக்கம் நகர்ந்து வந்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "நா பொய் சொல்லலியே ராணி" என்றான், மெதுவாக. உண்மையாகவே அவனுக்கு மனசுக்குள் ஏதோ செய்வது போலத்தான் இருந்தது.

"நீங்க சொன்னது நெசந்தான் மொதலாளி" என்றாள் ராணி. "நேத்து சொல்லி இருக்கலாம்ல."

உள்ளே எங்கேயோ படுக்கையிலிருந்து கிழவி, தேவி, தேவி என்று கூப்பிட்டாள். தேவிப்பிரியாவின் கால் அந்தப் பக்கம் திரும்பியது. ராணி மணிக்கட்டை விடவில்லை.

விடுதலைச் சான்றிதழுக்கு விவரம் எழுத வேண்டும் என்று தமிழரசு கூப்பிட்டான். பெயர், வயது, சாதி. எல்லாம் எழுதினான். ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் புருஷன் பேர்தானே இருக்கிறது என்றான்.

"அப்பா பேரு?"

ராணி வாயைத் திறந்தாள். காலையில் யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் முனுசாமி என்றிருப்பாள். பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள். இன்றைக்கு அந்தக் கேள்வி வேறு கேள்வியாகிவிட்டது. செங்கல்வராயன் என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும். நாளைக்கே வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வான், மாமன் வீடு மாமன் வீடாகிவிடும், தேவிப்பிரியா மறுபடி பின்கட்டுக்குப் போவாள். ஷாரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டாட்சியர் அம்மா தெருக்கோடியில் போகிற தண்ணீர் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜானகிராமனும் கேட்டருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவர்களையெல்லாம் பற்றி ராணிக்குக் கவலையில்லை. பக்கத்தில் அம்மா நிற்கிறாள். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் அவளுக்கு அந்தப் பேர் கிடைத்தது. அதைப் பிடுங்குகிற கை தன்னுடையதாக இருக்க வேண்டுமா? நாள் பூராவும் அம்மாவை வாயை மூடு, வாயை மூடு என்று அடக்கிய ராணிக்கு இப்போது தன் வாய் திறக்கவில்லை.

"அப்பா பேரு சொல்லும்மா" என்றான் தமிழரசு மறுபடியும்.

"முனுசாமி" என்றாள் கன்னியம்மா.

தமிழரசு நிமிர்ந்தான். "அவங்களே சொல்லட்டும்மா."

"அவ இன்னாத்த சொல்றது? பெத்தவ நான் சொல்றேன், எழுது நைனா. முனுசாமி. தோள்ல போட்டுகினு தூக்கி வளத்தவன் அவன்தான்." அலுத்துப் போன குரல்தான்.

"உயிரோட இருக்காரா?"

"இவங்க சூளைக்கு மண்ணு எடுக்கறப்ப கரை சரிஞ்சி செத்தான். அத்தயும் எழுது."

தமிழரசு எழுதினான். ஜானகிராமன் கேட்டை விட்டுவிட்டு, புல்லட் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ராணி அம்மாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

கன்னியம்மா பேத்தியின் ஈரக் கையைத் தன் முந்தானையால் துடைத்தாள். பிறகு ராணியின் பக்கம் திரும்பி எரிந்து விழுந்தாள்.

"இன்னாடி பாத்துகினு கீற? புள்ளைக்குப் பசிக்கும். ஏறு வண்டில."